பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அம்மை, கக்குவான், காமாலை என்று எது வந்தபோதும் ஒரு பிள்ளையைக்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கப் போட்டதில்லை. பிள்ளை வளர்ப்பில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்கிற எண்ணம் எனக்கு உண்டு. இப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தினார்கள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிய ஒரு காலைப்பொழுது ஆகிறது. அவசரம் ஒன்றும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பேரனோடு பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தோம். அடுத்த கட்டிலில் மாஞ்சோலைத் தோட்டத்திலிருந்து மகளைக் கொண்டுவந்து சேர்த்திருந்த ஒரு பெண், "ஆச்சி, ஒங்க பேரனுக்கு என்ன சீக்கு?" என்று தினமும் கேட்டாள். நானும் தினமும், "காய்ச்சல்தான்" என்று சொன்னேன். அவளுக்குச் சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். தச்சநல்லூரில் என் கடைசி மகன் பரமசிவத்தோடு இருக்கிறேன். அவன் தாலுகா ஆபீசில் கிளார்க். அவன் மனைவி கோமதி பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூத்தது மீனா. ஏழு வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்தான். என் வீட்டுக்காரர் அதற்குள் போய்விட்டார். அதனால் தாத்தா பெயரையே பேரனுக்கு வைத்தோம். சிவசைலம். இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றுதான் நகர்ந்தது.

எங்கள் வீடுகளில் மனைவி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால்கூட, பக்கத்தில் நிற்கிற பிள்ளையைத்தான் சொல்லச் சொல்வோம். புருஷன் போன பிறகும் அதில் மாற்றம் கிடையாது. அதனால் பையனை நான் ராசா என்றேன். கோமதி தங்கம் என்றாள். தகப்பன் பெயரை அதட்டிக் கூப்பிட வாய் வராமல் பரமசிவம் ஐயா என்றான். மீனாவுக்கு அவன் தம்பி. பெயர் பள்ளிக்கூடத்துக்கென்று பெட்டிக்குள் வைத்த பட்டு வேட்டி மாதிரி மடித்தே இருந்தது.

பையனுக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. எவர்சில்வர் மூடி ஒன்று கிடைத்தால் போதும். தரையில் சுற்றிவிட்டு, அது ஆடி ஆடி அடங்குகிற வரை கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். அடங்கியதும் மறுபடி சுற்றுவான்.

ஒரு நாள் சாயங்காலம் கோமதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாள். "அத்தை, பேர் சொல்லிக் கூப்பிட்டா இந்த வயசுப் பிள்ளை திரும்பணுமாம். எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் சொன்னா. நான் நேத்து ரகசியமா நாலு மட்டம் கூப்பிட்டுப் பாத்தேன். திரும்ப மாட்டேங்கான்."

"மாமனார் பேரைச் சொல்லியா கூப்பிட்ட?"

"பிள்ளைக்குத்தானே அத்தை வச்சிருக்கோம்."

"நல்லா இருக்கு, டீச்சர் வேலை பாத்த சீரு. சொல்லாத பேரு அவனுக்கு எங்கன தெரியும்? எதுக்குத் திரும்புவான்?"

அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் சொன்னது நியாயம்தானே என்று வீட்டில் எல்லோருக்கும் பட்டது. அந்த நியாயத்தால் ஒரு வருஷம் போயிற்று.

பிறகு ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் பிள்ளையை ஐந்து நிமிஷம் பார்த்தார். "தாய் வேலைக்குப் போறாங்களா? அதான். தாய் பேசிப் பேசி வளர்த்தாத்தான் பேச்சு வரும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் பரமசிவம், "நீ வேலைய விட்டுரு" என்றான். அந்த வேலை கோமதிக்குச் சும்மா வந்தது இல்லை. அவள் அப்பா தறிக்காரரிடம் கணக்கு எழுதி, அவளை பி.எட். வரை படிக்க வைத்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். "பிள்ளையைவிட வேலை என்ன பெருசு" என்றுதான் நான் சொன்னேன்.

மாசக் கடைசியில் ராஜினாமா கொடுப்பது என்று முடிவாயிற்று. அதற்குள் காய்ச்சல் வந்தது.

தை மாசம் ஒரு காலையில் பையன் உடம்பு அனலாகக் கொதித்தது. நெற்றியில் பத்துப் போட்டு, ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. ஐந்து பிள்ளைகளிடம் நான் பார்க்காததை அன்றைக்குப் பார்த்தேன். ஆட்டோவில் ஆற்றுப் பாலம் தாண்டும்போது கோமதி பிள்ளையை மடியில் சரித்துப் பிடித்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று அவன் மூக்கருகே தன் கன்னத்தை வைத்தபடியே வந்தாள். நான் எதிரே உட்கார்ந்து நெல்லையப்பரையும் காந்திமதியையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் முதுகுத்தண்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றி ஓடுகிற நீர்தான் முதுகுத்தண்டிலும் இருக்குமாம். அதில் கிருமி இருந்தால் மூளைக்காய்ச்சல், தெளிவாக இருந்தால் பயம் இல்லை. அந்தப் பரிசோதனைச் சீட்டு வருகிற வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் குழந்தை டாக்டர் வந்து, "நீர் தெளிவா இருக்கு. காய்ச்சல் ஏறினதால வந்த வலிப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு வரும். எதுக்கும் சில நாள் வச்சுப் பாப்போம்" என்றார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பிள்ளை எழுந்து உட்கார்ந்தான். மற்றப் பிள்ளைகள் ஊசி போடுகிற நர்ஸைக் கண்டால் வீரிட்டார்கள். இவன் நர்ஸைப் பார்க்கவே இல்லை. மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தான். மருந்துத் தட்டு கீழே விழுந்த சத்தத்துக்கு மட்டும் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். குழந்தை டாக்டர் கொஞ்ச நேரம் நின்று கவனித்துவிட்டு, "ஒரு டாக்டரம்மா வந்திருக்காங்க. மூளையைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க. அவங்க பாக்கட்டும்" என்றார்.

அந்த அம்மாள் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, எங்கெங்கோ படித்தவர். பேசாத சின்னப் பிள்ளைகளின் மூளை எப்படி வளருகிறது என்று ஊர் ஊராகப் போய் அளந்து எழுதுகிறார். வந்ததும் நாற்காலியில் உட்காரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பையன் மூடியைச் சுற்றினான். அவரும் இன்னொரு மூடியை எடுத்துச் சுற்றினார். அரைமணி நேரம் அதையே செய்தார். வார்டு பெருக்குகிற அற்புதம் துடைப்பத்தோடு நின்று பார்த்தாள். "இதுக்கா இந்தம்மா வெளிநாடு வரைக்கும் போய்ப் படிச்சாவ? எங்க தெருவுல பயலுவ சும்மாவே சுத்துவானுவ" என்று என் காதில் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அரைமணி கழித்துப் பையன் அந்த அம்மாளின் கையைப் பிடித்து, தன் மூடியின்மேல் வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் ஒரு சாவியை எடுக்கிற மாதிரி எடுத்து வைத்தான். எங்கள் யார் கையையும் அவன் அப்படி எடுத்ததில்லை.

பிறகு எங்களிடம் கேள்வி கேட்டார். எப்போது உட்கார்ந்தான், எப்போது நடந்தான், எதைப் பார்த்தால் பயம். பரமசிவமும் கோமதியும் மாறி மாறிப் பதில் சொன்னார்கள். அவர் எழுதிக்கொண்டே கேட்டார். "அப்பா வழியிலோ அம்மா வழியிலோ, பேச்சு வராதவங்க, தனியாவே இருந்தவங்க, யாராவது உண்டா?"

நான்தான் முந்திக்கொண்டேன். "எங்க வம்சத்துல அப்படி யாரும் கிடையாது."

பரமசிவம் கோமதியைத் திரும்பிப் பார்த்தான். "எங்க பக்கமும் தெரிஞ்சு யாரும் இல்லையே" என்றாள் அவள். குரல் உள்ளே போய்விட்டது. அன்று சாயங்காலமே பொதுத் தொலைபேசிக்குப் போய், தன் அப்பாவைக் கூப்பிட்டு, அவர் வழியில் நாலு தலைமுறையைக் கிளறிக் கேட்டுவிட்டு வந்தாள். அதெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டாக்டரம்மா கடைசியாக, "பேர் சொன்னா திரும்புறானா?" என்று கேட்டார். நான் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப அவன் பேரை அவன் கேட்டதே இல்லை. சரி. அவனோட அதிக நேரம் இருக்கிறது நீங்கதான். நீங்க கூப்பிட்டுப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும்."

"அது மட்டும் என்னால ஆகாது, தாயி."

"யோசிச்சுச் சொல்லுங்க" என்று போய்விட்டார்.

ஆறாம் நாள் மூளையை அளக்கிற பரிசோதனை. தலையில் இருபது இடத்தில் பசை தடவிக் கம்பி ஒட்டுவார்கள். மூளை வேலை செய்யும்போது மிகச் சின்னதாக மின்சாரம் அலை அலையாக ஓடுமாம். அதைக் கம்பி பிடித்து, தாளில் கோடு கோடாக எழுதும். நம்மிடமிருந்து உள்ளே எதுவும் போகாது, வலிக்காது. பிள்ளை தூங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக விடியுமுன்பே எழுப்பி வைத்தோம். எழுந்தவனை வெறும் தலையோடு கொண்டுபோவதா என்று நான் நல்லெண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டேன். அற்புதம் பார்த்ததும் தலையில் கை வைத்தாள்.

"ஏ ஆச்சி, என்ன காரியம் பண்ணுனீங்க! எண்ணெய் வழியுது, இதுல கம்பி எங்கன ஒட்டும்? மாப்பிள்ளை ஊர்வலத்துக்கா கூட்டிட்டுப் போறீங்க?"

அவளே எங்கிருந்தோ சீயக்காய் கொண்டுவந்தாள். அவனுக்குத் தலையில் தண்ணீர் பட்டால் ஆகாது. அவன் கத்தலைப் பொறுத்துக்கொண்டு மூன்று பேருமாகத் தேய்த்தோம். கோமதியின் கையில் பல் பதிந்தது. அவள் கையை இழுக்கவில்லை.

அவன் தூங்கியதும், கம்பிகள் போய்ச் சேர்ந்த பெட்டி தாளைத் தள்ளத் தொடங்கியது. கோடுகளைப் பார்த்தபடி டாக்டரம்மா சொன்னதை என் புத்திக்கு எட்டியவரை எழுதுகிறேன். மூளைக்குள் பார்க்க ஒரு இடம், கேட்க ஒரு இடம், பேச ஒரு இடம். ஒருவர் கூப்பிட்டால் நாம் திரும்புவதற்கு இத்தனை இடமும் ஒரே சமயத்தில் ஒன்றுக்கொன்று சேதி அனுப்ப வேண்டும். அந்தச் சேதி போகிற வழிகள் தாய் வயிற்றிலேயே தொடங்கி, பிறந்த பிறகு முதல் சில வருஷத்தில் வேகமாக அமைகின்றன. சில பிள்ளைகளுக்கு அந்த வழிகள் வேறு மாதிரி அமைகின்றனவோ என்பதுதான் அவர் கேள்வி. இந்தப் பிள்ளைகளின் தன்மைக்கு ஆட்டிசம் என்று பெயர். தொற்றுவியாதி இல்லை, பைத்தியமும் இல்லை.

"வாய்க்கால் மாதிரியா?" என்று கேட்டேன். "மடைக்குப் பக்கத்து வயல்ல தண்ணி தேங்கி நிக்கும். கடைமடைக்கு ஏறாது. அப்படியா?"

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அப்படியும் இருக்கலாம், பாட்டி. பக்கத்துல அதிகம், தூரத்துக்குக் குறைவு. ஆனா நிச்சயமாச் சொல்ல இன்னும் யாராலும் முடியாது. அதான் நிறையப் பிள்ளைகளை அளக்கிறேன்."

பரமசிவம் கேட்டான். "அப்ப இந்தத் தாள்ல என் பிள்ளைக்கு எதனாலன்னு தெரிஞ்சிருமா மேடம்?"

"தெரியாது. வலிப்பு நோய் இருக்கான்னு மட்டும் இதுல பாக்கலாம். அதுக்கான அடையாளம் இல்லை. காரணத்தை ஒரு பிள்ளையோட தாள் சொல்லாது. ஒண்ணு மட்டும் சொல்றேன், தாய் வேலைக்குப் போனதால இது வரலை."

"ஏதாச்சும் ஒரு காரணம் இருக்கணும்லா" என்றான் அவன். வார்டுக்குத் திரும்பியதும் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். ராஜினாமாக் கடிதம். அவனே எழுதி வைத்திருந்தான். மருந்து அலமாரியின்மேல் தாளை வைத்துக் கோமதி கையெழுத்துப் போட்டாள். பல் பதிந்த கையால்தான் தாளைப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதாக அவன் அதை மடித்து வைத்துக்கொண்டான். அன்றைக்கு வெள்ளி.

சனிக்கிழமை நானே டாக்டரம்மாளைத் தேடிப் போய், கூப்பிடுகிறேன் என்றேன். எனக்கு ஒரு நப்பாசை. சொல்லாத பேருக்குத்தானே திரும்பவில்லை. நான் சொன்னால் திரும்பிவிடுவான், எல்லாம் சரியாகிவிடும், யாரும் எதையும் விட வேண்டாம், நானும் எதையும் சொல்ல வேண்டாம்.

பையன் ஜன்னல் ஓரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நான் பின்னால் நான்கு எட்டுத் தள்ளி நின்றேன். ஐம்பத்தைந்து வருஷம் வாயில் வராத பெயர். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

"சிவசைலம்."

அவன் அசையவில்லை.

"உரக்க, பாட்டி."

"ஏ சிவசைலம்! சிவசைலம்!" வார்டில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாஞ்சோலைக்காரி மகளும் திரும்பினாள். அவன் மட்டும் திரும்பவில்லை. "ராசா" என்றேன். பிறந்ததிலிருந்து ஆயிரம் முறை கேட்ட பெயர். அதற்கும் இல்லை. வராந்தாவின் கோடியில் யாரோ தூக்குச்சட்டி மூடியைக் கீழே வைத்தார்கள். அந்தச் சின்னச் சத்தத்துக்குச் சட்டென்று தலையைத் திருப்பினான். காதில் குறை இல்லை. ஒரு வருஷமாக நான் சொன்ன நியாயம் எல்லோர் முன்னாலும் செத்துப்போயிற்று.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சொன்னேன். "நீங்க கேட்டதுக்கு நான் அன்னைக்குப் பொய் சொன்னேன், தாயி. எனக்கு ஒரு தம்பி இருந்தான்."

சேரன்மகாதேவிப் பக்கம் என் பிறந்த ஊர். என் தம்பிக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. பேச மாட்டான். புளியங்கொட்டையை வரிசையாக அடுக்குவான். பித்தளை மூடியைச் சுற்றிவிட்டுத் தரையில் கன்னம் வைத்துப் பார்ப்பான். வீட்டுக்கு யாராவது வந்தால் அவனைத் தொழுவத்தில் கொண்டு விடுவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் கல்யாணத்துக்கும் அவன் வரவில்லை. "புகுந்த வீட்டில் இவனைப் பற்றி மூச்சு விடாதே, உன் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் கிடைக்காது" என்று அம்மா சொல்லி அனுப்பினாள். அவன் பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போனான். நான் தீட்டுக்கூடக் காக்கவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கடைசி வரை தெரியாது. பேரன் முதல் தடவை மூடியைச் சுற்றியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கோமதி வந்து சொல்வதற்கு முன்னாலேயே தெரியும்.

டாக்டரம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. என் தம்பிக்குச் சத்தம் பிடிக்குமா, எதைச் சாப்பிடுவான், யாரிடமாவது ஒட்டுதல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அவனைப் பற்றி ஒரு மனுஷர் இத்தனை கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. "இதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா குடும்ப வழியா வர்றது உண்டு. உங்க மகன்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்றார்.

பரமசிவத்தைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவன் முகம் சிவந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுலே."

"எங்க அஞ்சு பேருக்கும் மாமன் ஒருத்தர் இருந்திருக்காரு. எங்களுக்கே தெரியாது. இங்கன ஒருத்தி அவ அப்பன்கிட்ட நாலு தலைமுறையக் கேட்டு அழுதா. நீங்க பாத்துக்கிட்டு இருந்திருக்கிய."

"அந்தத் தாளக் கொடுக்காதலே."

அவன் சட்டைப் பைக்குள் கை விட்டான். கடிதத்தை எடுத்து, குழாயில் நனைத்துக் கசக்கி, சாக்கடையில் போட்டான். அதைப் பார்த்து நான் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கலாம். அதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கோமதிக்கு மட்டும் தெரிய வேண்டாம்லே. என் மேல ஆணை" என்றேன். மருமகள் முன்னால் தலை தாழ எனக்கு மனம் வரவில்லை. அவன் கையை விடுவித்துக்கொண்டான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வார்டுக்குள் போய், "நீ வேலைய விட வேண்டாம். டாக்டரம்மா சொல்லிட்டாவ" என்று மட்டும் கோமதியிடம் சொன்னான். அவள் நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள்.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தோம். டாக்டரம்மா போவதற்கு முன்னால், பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து எப்படி விளையாடுவது, அவன் பார்க்கிற பொருளுக்கு எப்படிப் பெயர் சொல்லிக் கொடுப்பது என்று காட்டிவிட்டுப் போனார். மருந்து கிடையாது, விடாமல் செய்ய வேண்டும் என்றார். கோமதி பள்ளிக்கூடம் போன நேரத்தில் நான் செய்கிறேன். முழங்கால் மடங்காது. இருந்தாலும் உட்காருகிறேன். இப்போது அவனுக்கு ஐந்து வயது. தண்ணி, மூடி, மீனா என்று ஒன்பது வார்த்தை சொல்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நாள் பார்க்கிறான், சில நாள் இல்லை.

கோமதி வேலைக்குப் போகிறாள். ஆனால் போன வாரம் யாரோ ஒரு டீச்சரிடம், "எங்க பக்கம்தான் எங்கயோ இருந்திருக்கணும். எங்கப்பாவுக்குத் தெரியல" என்று அவள் வாசலில் நின்று சொல்லக் கேட்டேன். இரண்டு வருஷமாக அவள் அதைச் சுமக்கிறாள். பரமசிவம் என் ஆணையைக் காத்துக்கொண்டிருக்கிறான். நேரில் சொல்ல நான்கு தடவை அடுக்களை வரை போனேன். உப்பு கேட்டுவிட்டுத் திரும்பினேன். அதனால்தான் இந்த நோட்டை வாங்கி வரச் சொன்னேன்.

ஏ மீனா, இங்கன வா. உனக்குப் பன்னிரண்டு வயசாச்சு. எழுத்துப்பிழை இருந்தால் சிரிக்காதே. முதல் பக்கத்திலிருந்து பைய வாசி. "எங்க வம்சத்துல அப்படி யாரும் கிடையாது" என்று நான் சொன்ன இடத்தைத் தாண்டிப் போகாதே. என் தம்பியைப் பற்றி எழுதிய இடத்தையும் விட்டுவிடாதே. உங்க அம்மா அடுக்களையில்தான் நிற்கிறாள். அவள் காதில் விழும்படி உரக்க வாசி.